நித்யகல்யாணிக்குக் காவல்

சிதம்பரத்தை அடுத்த அந்தத் தனியார் ஆய்வகத்தின் பசுமைக்குடிலில் அன்று காலையும் பூ இல்லை.

வெண்மதிக்கு அழுகை முட்டியது. ரத்தப் புற்றுநோய்க்கான மருந்தை நித்யகல்யாணி இலையிலிருந்து எடுக்கிறார்கள். அந்தச் சத்து வழக்கத்தைவிட அதிகமுள்ள ரகம் ஒன்றை ஐந்து வருடம் பாடுபட்டு உருவாக்கியிருந்தாள். மொத்தமே பன்னிரண்டு தொட்டி. மலர்ந்த பூவில் அவள் கையால் மகரந்தம் சேர்த்தால்தான் விதை. மாதக் கடைசிக்குள் விதையைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவார்கள்.

யார் வேலை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கடலூரில் இதே ஆராய்ச்சி செய்யும் அறிவழகன். வாரம் தவறாமல் சிதம்பரம் வருகிறான்.

"நடராஜரப் பாக்கத்தான் வர்றேன். ஏன், உங்க விதை இன்னும் ரெடியாகலையா?" என்று முந்தாநாள் போனில் கேட்டான். குரலில் தேன் ஒழுகியது.

காவலாளி சடையப்பனிடம் அவள் ஒன்றரை மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள். குமராட்சிக்காரர். தடியும் மீசையும் ஒரே பருமன்.

"எவனோ உள்ள பூந்து நம்ம செடில கை வைக்கிறான். பாத்துக்குங்க."

"நானுந்தான் தெனம் பாக்குறேன் மேடம். ஒரு எலை கொறையல. இருந்தாலும் நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அவனப் புடிக்காம வுட மாட்டேன்."

அதுவரை நாலைந்து பூதான் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. திருடனுக்கு அவ்வளவு திமிர்.

இனிப் பொறுப்பதில்லை என்று மறுநாள் காலை ஐந்து மணிக்கே பின்வாசல் வழியாக வந்து, உரமூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினாள். கொசு பிடுங்கியது. அசையவில்லை.

விடிகிற நேரத்தில் கதவு திறந்தது. ஓர் உருவம் குனிந்து, தொட்டி தொட்டியாகப் பூவைப் பறித்தது. பழகிய கை.

"மாட்டினீங்களா அறிவழகன்?" என்று விளக்கைப் போட்டாள்.

குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கூடை நிறையப் பூவோடு நின்றார் சடையப்பன்.

"சத்தம் போடாதீங்க மேடம், அவன் உஷாராயிடுவான்," என்றவர், கூடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நம்ம கேட்டாண்ட இருக்கிற புள்ளையாருக்கு மொதல்ல தெனம் நாலஞ்சு பூதான் வச்சேன், திருடன் சிக்கணும்னு நாப்பத்தெட்டு நாள் கூடை நெறைய போடுறதா வேண்டிக்கிட்டேன், இன்னியோட முடியுது, இனிமே அவன் தப்பவே முடியாது."