மரத்தடியில் ஒரு சிலுவை

"துரைசாணி வந்துட்டாங்க! என்ன சொல்லப் போறீங்க?" என்று பதறினாள் அமலம்மாள்.

கொடிமலை பங்களாவில் வேலை பார்க்கும் அவள் கணவன் இராயப்பன் வாசலுக்கு ஓடினான். "பத்திரமா பாத்துக்கோ" என்று ஒப்படைத்துவிட்டுச் சீமைக்குப் போனவர் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசாணி. வெயில் படாமல்தான் வளர்த்தான். ஆனாலும் நாளுக்கு நாள் வாடி, போன மாதம் உயிர் போய்விட்டது. மரத்தடியில் ஒரு சிலுவை நட்டிருந்தான்.

துரைசாணி அந்தச் சிலுவை முன்னால் போய் நின்றார்.

"என்னால காப்பாத்த முடியலம்மா," என்று அழுதான் இராயப்பன்.

"அழாதே. இந்தச் செடி வருஷா வருஷம் இப்படித்தான் காயும். வேர் மண்ணுக்குள்ளே தூங்குது. யாரும் தோண்டாம இருக்கத்தானே அடையாளம் வச்சே? கெட்டிக்காரன்!"

தேவாலயப் படத்தில் இரத்தம் சொட்டும் இருதயம் போலவே பூத்த செடி. வெறும் செடிதானே என்று விட மனம் வராமல் அவன் நட்ட கல்லறைச் சிலுவை அது.

"சிலுவையை எடுத்துடட்டுமாம்மா?"

"வேண்டாம். எழுந்து வர்ற வரைக்கும் இருக்கட்டும்."