மேக் அப் ஃபார்

"மேக்கப்புன்னா பவுடர் பூசுறதுதானே சார்?" என்றார் தையல்காரர்.

வகுப்பே சிரித்தது. புரொபசர் சிரிக்கவில்லை. அவர் எந்தக் கல்லூரிக்கும் புரொபசர் அல்ல. மாடி அறையில் பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துபவர். பட்டம், வாசலில் போர்டு எழுதியவர் கொடுத்தது.

"பின்னால 'ஃபார்' வந்தா பவுடர் கலைஞ்சிடும்! மேக் அப் ஃபார். ஒண்ணுல விட்டதை இன்னொண்ணுல ஈடுகட்டுறது. இந்த ஒரு 'ஃபார்' பத்தி மட்டும் நாள் பூரா பேசலாம்" என்றவர், அதில் பாதியையாவது பேசிவிடுவது என்று இறங்கினார்.

பேச்சின் நடுவே பார்வை கடைசி பெஞ்சுக்குப் போனது.

"கடைசி பெஞ்ச்! எழுந்து ஒரு வாக்கியம் சொல்லுங்க. தப்பு வந்தா நாளையிலேர்ந்து கீழ் வகுப்பு, அங்கே பாடம் எடுக்கிற மேடம்கிட்ட."

அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் போன வாரம்தான் 'ஹி டோன்ட்' சொல்லி மாட்டிக்கொண்டவர்.

பக்கத்தில் இருந்த நர்ஸ் கிசுகிசுத்தாள்: "தப்பாவே சொல்லுங்கக்கா. மேடம் தங்கமானவங்களாம். இந்த மனுஷன் வாயை மூடவே மாட்டேங்கிறாரே!"

"அதுக்குத்தாம்மா இங்கேயே இருக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தார் அந்த அம்மாள்.

"திஸ் ஒன் அவர்... மேக்ஸ் அப்..." புரொபசர் சாக்பீஸை உருட்டிக்கொண்டு காத்திருந்தார். "...ஃபார் தி ஹோல் டே!"

"இந்த ஒரு மணி நேரம், நாள் முழுசையும் ஈடுகட்டிடுது. ம்ம்..." புரொபசர் உதட்டைப் பிதுக்கினார். "'எஸ்' போட்டீங்க, 'ஃபாரை'யும் விடலை. இலக்கணம் சுத்தம். அர்த்தம்தான் மொட்டையா நிக்குது. நாள் முழுக்க அப்படி என்ன குறைஞ்சுபோச்சாம்? சரி, பொழைச்சுப் போங்க. இங்கேயே இருங்க."

அந்த அம்மாள் உட்கார்ந்தார். அந்த மொட்டை வாக்கியத்தைப் பற்றியே புரொபசர் வகுப்பு முடியும்வரை பேசினார். கடைசி பெஞ்ச் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லோரும் படியிறங்கிப் போனபின், புரொபசர் அறையைப் பூட்டிச் சாவியை அந்த அம்மாளின் கைப்பையில் போட்டார். அந்த அம்மாள் ஸ்கூட்டரைக் கிளப்ப, பின்னால் ஏறி உட்கார்ந்த புரொபசர், மறுநாள் வகுப்பு தொடங்கும்வரை மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.