பாகலுக்கு மூன்று கட்டை

கடைசிக் கட்டையையும் பிடுங்கினார்கள்.

அவள் தார் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடுப்பளவு உயரம். தலையில் சிவப்புச் சாயம். அதற்கு அப்பால் மிதிவெடி, கால் வைக்காதே என்று அர்த்தம். ஆறு வருடமாக அவளுடைய காணிக்கு அந்தக் கட்டைகள்தாம் வேலி. இப்போது வெடி எடுக்க வந்தவர்களில் ஒருத்தி அவற்றை விறகுக்கட்டுப் போல அணைத்துக்கொண்டு லொறிக்குப் போனாள்.

அவள் தார் ரோட்டை விட்டு இறங்கவில்லை.

இடுப்பில் மகள் மதுசிகா. ஆறு வயது தொடங்கிவிட்டது. தொங்கிய கால்கள் அவளுடைய முழங்காலில் இடித்தன.

பழகாத மண்ணில் பிள்ளையை அவள் நடக்க விட்டதில்லை. தூக்கிக் களைத்தால் தன் பாதங்களின் மேல் ஏற்றி, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நடப்பாள். பிள்ளை அதை விளையாட்டு என்று நினைத்திருந்தது.

கிராம சேவகர் கடுதாசியை நீட்டினார். காணி துப்புரவாகிவிட்டது, ஒப்பம் வைத்தால் சரி, நாளைக்கே வந்து கொட்டில் போடலாம் என்றார். மச்சாள் வீட்டு விறாந்தையில் இன்னும் எத்தனை நாளைக்கு என்றும் கேட்டார்.

பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவரும் தாரில் நின்றுதான் சொன்னார்.

அவள் பேனையை வாங்கவில்லை.

வெடி எடுத்தவர்களுக்கு ஒரு முறை உண்டு. காணியைக் கையளிக்கும் நாளில் எல்லோரும் வரிசையாக நின்று, அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து காட்டுவார்கள். சொல்லி நம்பாதவர்களுக்காக.

பத்துப் பேர். எல்லோரும் பெண்கள். கையெட்டும் இடைவெளியில் நின்று பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குமரை இறக்கிவிடுங்கோ, பார்க்கிற எனக்கே இடுப்பு நோகுது என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். மதுசிகாவும் சிரித்தது.

அவள் கண் காணிக்குள் இருந்த கிணற்றுக்கு இப்பால் ஓரிடத்தில் நின்றது.

அங்கேதான்.

திரும்பி வந்து குடியிருந்த முதல் மாரி. முன்பாதியில் கொட்டில். பின்பாதியை மறித்துக் கட்டைகள். அவள் நட்ட பாகல் கொடியோடி, படர ஒன்றுமில்லாமல் மண்ணில் கிடந்தது. கட்டைகளோ நேராக, வைரமாக நின்றன. அத்தனையில் மூன்று போதும்.

பிடுங்கினாள். சிவப்புத் தலை மண்ணுக்குள் போகத் தலைகீழாக ஊன்றினாள்.

மூன்றாம் நாள் காலை அவளுடைய புருஷன் வாளியோடு கிணற்றுக்குக் குறுக்கே போனான். கட்டை இல்லாத இடத்தால் போனான்.

கட்டைகளை நம்புகிற ஆள்.

அப்போது மதுசிகா வயிற்றில். அவன் செத்ததை ஊர் விதி என்றது. மச்சாளும், தம்பி போன விதி என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வீட்டில் இத்தனை வருடம் சோறு தின்றும் அவள் வாய் திறக்கவில்லை.

லொறிக்குப் போனவள் திரும்பி வந்தாள். சட்டையில் யோகமலர் என்று எழுதியிருந்தது. வலது சப்பாத்து தாரில் விழும்போது மட்டும் வேறு சத்தம்.

பொய்க்கால்.

யோகமலர் நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால்தானோ என்னவோ, அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"கட்டையைப் பிடுங்கினது நான். பாகலுக்கு."

கிராம சேவகருக்குக் கேட்டிருக்காது.

யோகமலர் குனிந்து இடது சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தாள். நல்ல கால். அவசரப்படாமல் கழற்றினாள்.

"நான் கட்டையைத் தாண்டி விறகு பொறுக்கப் போனனான். தெரிஞ்சுதான் போனனான்."

"பிறகு?"

"நடக்கப் பழகினன்."

சப்பாத்தைத் தாரின் ஓரத்தில் வைத்தாள்.

"பயம் கிடக்குத்தான் அக்கா. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

வரிசையில் கிணற்றுக்கு நேரே நின்றவளிடம் சொல்லி அந்த இடத்தை வாங்கிக்கொண்டாள்.

நடந்தார்கள்.

பகிடி நின்றுவிட்டது. பிள்ளையைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது. மதுசிகா முனகியது.

அந்த இடம் வந்ததும் யோகமலர் பொய்க்காலைத்தான் முதலில் வைப்பாள் என்று அவள் நினைத்தாள். தானாக இருந்தால் அப்படித்தான் செய்வாள்.

யோகமலர் வைத்தது வெறுங்காலை.

வைத்து, மற்றதைத் தூக்கி, முழுப் பாரத்தையும் அந்த ஒற்றைக் காலில் போட்டு நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

வரிசை மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

அவள் செருப்பைக் கழற்றி அந்தச் சப்பாத்துக்குப் பக்கத்தில் விட்டாள். கிராம சேவகர் ஏதோ சொன்னார். அவள் இறங்கினாள்.

ஈர மண். ஒரு சப்பாத்துத் தடம், ஒரு வெறுங்கால் தடம், மாறி மாறிப் போயின. அவள் வெறுங்கால் தடங்களில் மட்டும் மிதித்தாள். இடையே எட்டி வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடினாள். காதுக்குள் வாளி உருளும் சத்தம். ஒவ்வொரு முறையும் திறந்தாள்.

ஐந்து விரலும் ஆழப் பதிந்திருந்த தடத்தில் நின்றாள்.

பிள்ளையை இறக்கினாள்.

மதுசிகா பழக்கத்தில் அவளுடைய பாதங்களின் மேல் ஏறி நின்று, கைகளை நீட்டிக்கொண்டு, "நடப்பமா அம்மா?" என்றது.



அவள் பிள்ளையின் காலுக்கடியிலிருந்து முதலில் இடது பாதத்தை உருவினாள்.