ஒன்பதாவது வாட்ச்

எட்டாவது வாட்சைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அஸ்பாக் அதைக் கவனித்தான். தோல் வாரில் கறுப்பாக ஒரு திட்டு காய்ந்து கிடந்தது. எண்ணெய் அழுக்கு அப்படிக் காயாது. ரத்தம்தான் அப்படிக் காயும்.

கொடைக்கானல் பஜாரில் சாக்லேட்டும் தைலமும் விற்கிற அஸ்பாக்குக்குப் பழைய கைக்கடிகாரம் என்றால் பைத்தியம். கம்பெனிக்கு ஒன்று என்ற கணக்கில் நாற்பத்து மூன்று சேர்த்திருந்தான். வட்டக்கானலுக்குக் கீழே சின்னக்கருப்பன் என்பவரிடம் எட்டு வாட்ச் இருக்கிறது, எட்டும் எட்டுக் கம்பெனி என்று காதில் விழுந்த நாளில் மனுஷனுக்கு மத்தியானச் சோறே இறங்கவில்லை.

இந்தப் பித்துப் பிடித்தவர்கள் சரக்கு இருக்கிற இடத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடமாட்டார்கள். இன்னொருத்தன் முந்திக்கொண்டால் என்ன செய்வது? அஸ்பாக்கும் மனைவி உம்மு ஹபீபாவிடம் பழனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை மேலே மரத்தடியில் மறைத்து வைத்துவிட்டு, ஒற்றையடிப் பாதையில் தனியாக இறங்கி வந்திருந்தான். இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

சின்னக்கருப்பன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தைந்து வயசிருக்கும், கட்டு குலையாத உடம்பு. இரண்டு உள்ளங்கையிலும் குறுக்காகப் பழைய தழும்புகள்.

"இதெல்லாம் எங்க வாங்குனீங்கண்ணே?"

"ஒண்ணுகூடக் காசு குடுத்து வாங்கலீங்க பாய்."

"எட்டும் ஓடுதே."

"தெனமும் வெள்ளனே எந்திரிச்சுச் சாவி குடுப்பேன். குடுக்கையில ஒவ்வொருத்தர் மொகமும் நெனப்புக்கு வரும்."

பயத்தை மறைக்க அஸ்பாக் வார்களை வரிசையாக நீட்டி வைத்தான். வைத்ததுதான் தப்பு.

விவரம் தெரிந்தவன் பழைய வாட்சில் முள்ளைப் பார்ப்பதற்கு முன்னால் வாரின் ஓட்டையைப் பார்ப்பான். எந்த ஓட்டை இழுபட்டுக் கிடக்கிறதோ, அதுதான் கட்டினவனுடைய மணிக்கட்டின் அளவு. ரோமர் வாட்சில் முதல் ஓட்டை. வெஸ்ட் எண்டில் கடைசி. எச்.எம்.டி.யில் ஆணியால் குத்தின புது ஓட்டை. எட்டு வாட்சையும் எட்டு ஆள் கட்டியிருக்கிறார்கள். எதிரே நிற்கிற தடித்த மணிக்கட்டுக்கு ஒன்றுகூடச் சேராது.

அந்த எட்டுப் பேரும் இப்போது எங்கே? ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி, பத்தடி தள்ளி இருந்த வேலிகூடக் காணாமல் போயிருந்தது. அறை மூலையில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள் கிடந்தது.

"நீங்க கட்டியிருக்கது எந்தக் கம்பெனிங்க?"

"ஃபேவர் லூபா." பதினோரு வருஷம் தேடிக் கிடைத்தது. அஸ்பாக் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இந்தக் கம்பெனி நம்மகிட்ட இல்ல," என்றார் சின்னக்கருப்பன், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு.

"நான் வாரேண்ணே. கடைல சோலி கெடக்கு."

"மேகம் எறங்கிருச்சு, தனியாப் போகப்படாது. இருங்க, நானும் வாரேன்." சொல்லிக்கொண்டே மூலைக்குப் போய்க் கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டினார்.

அவ்வளவுதான். அஸ்பாக் காலியான வாசல் வழியே வெளியே பாய்ந்தான். "பாய், அந்தப் பக்கம் வேணாம்" என்று குரல் துரத்தியது. துரத்துகிறவன் வேண்டாம் என்கிற பக்கம்தானே ஓடத் தோன்றும்? ஓடினான். வேலியின் இடைவெளியைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பான், காலுக்குக் கீழே தரை இல்லை.

சரிந்த வேகத்தில் ஒரு வேர் கையில் சிக்கியது. கீழே பார்த்தால் வெறும் வெள்ளை. வேர் மண்ணை உதிர்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பழனிக்குப் போனவனை இந்தப் பள்ளத்தில் யார் வந்து தேடுவார்கள் என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை முட்டியது.

கயிறு ஒன்று முகத்தில் வந்து விழுந்தது. நுனியில் வளையம் போட்டிருந்தது.

"வளையத்த அக்குளுக்குக் கீழ மாட்டுங்க. வெரசா. கீழ பாக்காதீங்க பாய், என்னையப் பாருங்க."

கொல்ல வந்தவன் போடுகிற கயிறா, காப்பாற்ற வந்தவன் போடுகிற கயிறா என்று யோசிக்க நேரமில்லை. மாட்டினான். மாட்டின மறுநொடி வேர் கையோடு வந்துவிட்டது. கயிறு வெடுக்கென்று கொஞ்சம் இறங்கியது, நின்றது, பிறகு சாண் சாணாக மேலே ஏறியது.

மேலே வந்ததும் அஸ்பாக் புல்லில் குப்புற விழுந்து கிடந்தான். வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினால், பக்கத்தில் சின்னக்கருப்பன் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் பழைய தழும்புக்கு மேலேயே கயிறு அறுத்து ரத்தம் வழிந்தது.

அஸ்பாக்கின் கை தன்னால் மணிக்கட்டுக்குப் போனது. ஃபேவர் லூபாவைக் கழற்றி அந்த ரத்தக் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினான்.

சின்னக்கருப்பன் வாட்சைப் பார்த்தார். வாரில் ஒட்டின ரத்தத்தை வேட்டி நுனியால் துடைக்கப் பார்த்தார், போகவில்லை. கூச்சத்தோடு சிரித்தார்.

"மேல வந்ததும் எல்லாரும் இப்புடித்தேங்க கழட்டிக் குடுத்துர்றாக."