முதுகு தெரிந்த படம்

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அருளப்பனுக்கும் சவுரியம்மாளுக்கும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதாக இருந்தது. வெள்ளிக்கிழமையே அவள் ஆம்பூரிலிருந்து ரயிலேறி, வேலூரில் அவன் உதவி ஆசிரியனாக இருந்த வாரப் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"ஓலை வேணாம்னு சாமியார்கிட்ட சொல்லிடுங்க. எம் புருஷன் உசிரோட இருக்காரு."

"சண்டையில செத்துட்டார்னு பட்டாளத்திலேர்ந்தே கடுதாசி வந்துச்சே, சவுரி."

"இதுவும் பட்டாளத்துப் படந்தானே? உங்க பத்திரிகைதானே போட்டுது?"

அந்த வாரத்து இதழை மேசைமேல் விரித்தாள். 'மெசபொட்டேமியா பாலைவனத்தில் நலமாயிருக்கும் நம் வீரர்கள்' என்ற தலைப்பின் கீழ், ஐந்து சிப்பாய்கள் முதுகு காட்டி மணலில் நடந்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவன்மேல் அவள் விரல் பதிந்தது.

"முகமே தெரியலையே."

"கூட வாழ்ந்தவளுக்கு முகம் இன்னாத்துக்கு? தோளு இப்படி ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்குதே, அது போதும்." அவள் சிரித்தாள். அவன் அதுவரை பார்த்திராத சிரிப்பு. "உங்க மனச நோவடிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் தலையை மட்டும் ஆட்டினான். வாய் திறந்தால் அவளை இன்னொரு முறை விதவையாக்க வேண்டும்.

பட்டாளத்தில் சேர ஆள் வரவில்லை என்று குறைப்பட்ட அதிகாரிக்காக, பாலாற்று மணலில் எடுத்த படம் அது. சீருடை மாட்டிய நால்வர் தோல் பதனிடும் ஷாப்புக் கூலிகள். ஐந்தாவது ஆள் கிடைக்காததால், தானே தொப்பியை வைத்துக்கொண்டு ஓரமாக நடந்தவன் அருளப்பன்.