உடன் சென்ற அலுவலர்

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்தம்மாவின் விரல், தணிக்கைப் படிவத்தின் நகலில் அவளுடைய கையெழுத்தின் மேல் நின்றது.

'உடன் சென்ற அலுவலர்' என்ற கட்டத்தில் அவள் பெயர். அதற்கு மேல் கட்டத்தில் தேவசகாயத்தின் பெயர்.

அந்தம்மா தேவசகாயத்தின் மனைவி. தேவசகாயம் இறந்து பதினாறு நாள் ஆகிறது.

"நீங்க கூட இருந்தீங்கன்னு இதுல போட்டிருக்கே மேடம். கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

அவள் அறையைப் பார்த்தாள்.

வணிகவரி அலுவலகத்தின் தணிக்கைப் பிரிவு. பதினான்கு நாற்காலிகள். பன்னிரண்டில் கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆள் கேட்டு எழுதிய கடிதங்களின் நகல்களும் அவற்றில் ஒன்றில்தான் இருக்கின்றன.

மிச்சம் இருந்தது தேவசகாயமும் அவளும். நூற்றுப் பத்து கம்பெனிகள். தணிக்கைக்குத் தனியாகப் போகக் கூடாது என்பது விதி. விதி எழுதிய புண்ணியவானுக்கு ஆள் பஞ்சம் தெரியாது.

அதனால் ஒரு வழக்கம் வந்தது. காலையில் இரண்டு படிவங்கள். இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு அவர் ஒரு கம்பெனிக்கு, அவள் ஒரு கம்பெனிக்கு. கையெழுத்துகள் மட்டும் ஜோடியாகப் போகும்.

நான்கு வருடம். ஒருவரும் கேட்டதில்லை.

அன்று வெயில் அதிகம் என்று தூரத்துக் கம்பெனியை அவரே எடுத்துக்கொண்டார்.

மதியம் ஒரு மணிக்கு அங்கே மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழவில்லை. சாப்பாட்டு நேரம். படியில் நடமாட்டம் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் காவலாளி பார்த்தான்.

பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். பொதுவாகத்தான் சொன்னார். அவளுக்கு அது தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது.

அன்றிலிருந்து எந்தப் படியிலும் அவளால் நடுவில் ஏற முடியவில்லை. யாரோ உட்கார்ந்திருக்கிறார். ஓரமாக ஒதுங்கி ஏறுகிறாள்.

அந்தம்மா காத்திருந்தார்.

"தண்ணி கேட்டார்," என்றாள். "குடுத்தேன்."

அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. பிடி மட்டும் இறுகியது.

"அது போதும் மேடம். தனியாக் கிடந்து போயிட்டாரோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க நல்லா இருக்கணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மேசையின் இழுப்பறையில் அன்றைய இரண்டாவது படிவம் இருக்கிறது. அவள் போன கம்பெனியுடையது. செத்தவர் கையெழுத்து இருக்கிறது, வம்பு வேண்டாம், கிழித்துவிடு என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். தினமும் எடுக்கிறாள். தினமும் திரும்ப வைக்கிறாள்.

தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் அதில் அவளே எழுதியிருந்தாள். சேதி தெரியும் முன்பே எழுதியது.

அந்தம்மா தன் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். எழுந்தார்.

"கொஞ்சம் உக்காருங்கம்மா."

இழுப்பறையைத் திறந்தாள். இரண்டாவது படிவத்தை எடுத்து அந்தம்மா பக்கம் திருப்பி வைத்தாள்.

அந்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். 'உடன் சென்ற அலுவலர்' கட்டத்தில் கணவரின் கையெழுத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. விரலால் அதைத் தடவினார்.

விரல் தேதிக்குப் போனது. அதே தேதி.

கம்பெனியின் பெயருக்குப் போனது. வேறு கம்பெனி.

தொடங்கிய நேரம்: காலை பத்து மணி. முடிந்த நேரம்: மாலை நான்கு மணி.

விரல் அங்கேயே நின்றது.