பதினோராவது முடிவு

மூன்று நாளாகப் பால் திரிந்தது. நாளையும் திரிந்தால் பால் ஆலைக்குப் பூட்டுத்தான். குழாய் கழுவுகிறவள் முதல் நாளே பத்து இடங்களைப் பஞ்சால் துடைத்து, பஞ்சுகளைப் பத்துக் குப்பிகளில் போட்டு லேபுக்கு அனுப்பியிருந்தாள். இன்று பதினொரு முடிவுகள் வந்தன. பத்தும் சுத்தம். பதினோராவதில், 'மூன்றாம் வால்வு, ரப்பர் வளையத்தின் பின்புறம்: கிருமிப் படலம்' என்றிருந்தது.

"அங்க நீ துடைக்கவே இல்லையேம்மா?" என்றார் ஃபிட்டர்.

"என் கை அவ்வளவு ஒல்லியில்லண்ணே. கழட்டுங்க, பாத்துடுவோம்."

வளையத்தின் பின்னால் வழவழவென்று படிந்திருந்தது. பிரஷ் தேயத் தேய்த்தாள். சோடாக் கரைசலைச் சுடச்சுட ஓட்டினாள். மறுநாள் பால் திரியவில்லை, ஆலை ஓடியது.

அடுத்த வாரம் லேபுக்குப் போகும் பெட்டியில் பத்துக் குப்பிகளோடு காலிக் குப்பி ஒன்றையும் வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றார் ஃபிட்டர்.

"யாரோ வேலை பாக்குறாங்கல்ல, வெறுங்கையோடவா பாப்பாங்க?"

பெட்டியை மூடும்போது அந்தக் காலிக் குப்பிக்குள் ஈரப் பஞ்சு இருந்தது.